நாலு மணிக்கு நிற்கும் வண்டி

ஓமானில் வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்பிய அறுபதாவது நாள் காலையில், என் மனைவி இறால் பொடி இடித்துக்கொண்டிருந்தாள். காய்ந்த இறாலை வறுத்து, மிளகாயும் பூண்டும் சேர்த்து இடித்து, டப்பாவில் அடைத்து, மூடியைச் சுற்றி இரண்டு சுற்று டேப் ஒட்டுவாள். லீவு முடிந்து நான் கிளம்பும்போதெல்லாம் பெட்டியின் அடியில் அந்த டப்பா இருக்கும். இருபத்தேழு வருஷப் பழக்கம்.

"இது யாருக்கு?" என்று கேட்டேன்.

"ஒங்களுக்குத்தாங்க. பெட்டியில வெக்க..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

இரண்டு பேருமே சிரித்தோம். சிரித்து முடித்துவிட்டு அவள் டப்பாவை அலமாரியில் வைத்தாள். அவள் என்னைத் துரத்தவில்லை, அவள் கைகள்தான் தம் பாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டன. அறுபது நாளுக்கு மேல் புருஷனை வீட்டில் வைத்திருந்து அவளுக்குப் பழக்கமில்லை. வீட்டில் இருந்து எனக்கும் பழக்கமில்லை.

எங்கள் ஊர் கோட்டக்குப்பம். பாண்டிச்சேரிக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னால், கடலை ஒட்டி இருக்கிறது. தெருவுக்குப் பத்துப் பேராவது அரபு நாட்டில் இருப்பார்கள். எனக்குக் கல்யாணம் ஆன நாற்பதாவது நாள் விமானம் ஏறினேன். அப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. மகள் பிறந்தபோது நான் இல்லை, அவள் நடக்கப் பழகியபோதும் இல்லை. அவள் கல்யாணத்துக்கு மட்டும் சண்டை போட்டுப் பத்து நாள் கூடுதலாக வாங்கினேன். இப்போது சென்னையில் இருக்கிறாள். "அத்தா, ஒடம்பப் பாத்துக்கங்க" என்று வாரம் ஒரு செய்தி அனுப்புவாள். நல்ல பெண், குறை சொல்ல முடியாது.

நாங்கள் குடும்பம் நடத்தியதெல்லாம் போனில்தான். அங்கே மத்தியானம் இரண்டரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டு அழைப்பேன். இங்கே அப்போது நாலு மணி. அவள் அஸர் தொழுதுவிட்டுத் தயாராக இருப்பாள். முதலில் பக்கத்து வீட்டு போன், அப்புறம் எங்கள் வீட்டு போன், அப்புறம் செல்போன். போனில் அவள் பேசுகிற பேச்சே தனி. ஊரில் யார் வீட்டில் என்ன சண்டை, மீன்காரி என்ன சொன்னாள், எந்தப் பைப்பில் தண்ணீர் வரவில்லை, எல்லாம் சொல்வாள். என்னைக் கிண்டல் செய்வாள், திட்டுவாள், கோபித்துக்கொண்டு வைத்துவிட்டு மறுநாள் முதல் மணியிலேயே எடுப்பாள். கல்யாணம் ஆகி எனக்குக் கிடைத்த பெண்டாட்டி அந்தக் குரல்தான். அந்தக் குரலை நம்பித்தான் அந்த வெயிலில் நான் இருபத்தேழு வருஷம் உயிரோடு இருந்தேன்.

ஊருக்கு வந்தபின் அந்தக் குரல் காணாமல் போய்விட்டது.

நான் கூடத்துக்குள் நுழைந்தால் அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்வாள். விருந்தாளிக்கு என்று எடுத்துவைத்திருந்த கண்ணாடித் தட்டில்தான் எனக்குச் சோறு. "சில்வர் தட்டுல போடேன்" என்றால், "பரவால்லங்க, இதுலயே சாப்பிடுங்க" என்பாள். உப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எந்த ஜன்னலை எப்போது மூடுவார்கள் என்று தெரியாது. நாலு மணி ஆனால் இருவருக்குமே இருப்புக்கொள்ளாது. அவள் சமையலறையில் போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பாள். நான் கூடத்தில் உட்கார்ந்து செருமுவேன். நடுவில் ஒரு சுவர்தான். எழுந்து போய்ப் பேசவேண்டியதுதானே? போனேன். "டீ போடட்டுமாங்க?" என்றாள். "போடு" என்றேன். அத்தோடு பேச்சு முடிந்தது.

அப்போதுதான் வண்டி கட்ட முடிவு செய்தேன்.

போனில் ஒருமுறை அவள் கேட்டிருந்தாள், "பனி எப்பிடிங்க இருக்கும், ஐஸ் பெட்டியில இருக்குமே அப்பிடியா?" என்று. "ஊருக்கு வந்ததும் வண்டியிலயே கூட்டிக்கினு போய்க் காட்டுறேன்" என்று சொல்லியிருந்தேன். வருஷா வருஷம் சொல்லிச் சொல்லி அது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு, இமயமலை வரைக்கும் போய்வருவது என்று திட்டம் போட்டேன். ஒரே வண்டிக்குள், ஒரே அடுப்பு, ஒரே படுக்கை என்று இரண்டு மாதம் இருந்துவிட்டால் பேச்சு தன்னால் வந்துவிடும் என்று நினைத்தேன். மலையெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். என் பெண்டாட்டி என்னோடு பேசவேண்டும், அவ்வளவுதான்.

வண்டி எனக்குப் புதிதில்லை. பாலைவனத்தில் மணலில் புதைந்த வண்டிகளைத் தோண்டி இழுத்து, அங்கேயே பிரித்து மாட்டிக் கிளப்பிவிடுவதுதான் என் வேலை. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியின் குடலைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பேன். ஏலத்தில் ஒரு கண்டம் ஜீப் கிடைத்தது. ஓட்டி ஓட்டித் தேய்ந்து, ஆகாது என்று தள்ளிவிட்டது. திண்டிவனத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் அதைப் போட்டேன். தினமும் காலையில் பாண்டிக்குப் போய் அங்கிருந்து பஸ் பிடித்துத் திண்டிவனம், சாயங்காலம் திரும்ப வீடு. எட்டு மாதம். அடிச்சட்டத்தை நீட்டினேன், இஞ்சினை இறக்கி ஏற்றினேன், சக்கரத்துக்கு இழுவை கொடுக்கிற பெட்டியை வேறொரு வண்டியிலிருந்து எடுத்துப் பொருத்தினேன். பின்னால் அலுமினியத் தகட்டில் ஓர் அறை. அதில் இரண்டு பேர் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மேலே சோலார். முன் சீட்டிலிருந்து அறைக்குள் குனிந்து போக ஒரு வழி. அறைக்கென்று தனி வாசல், அதற்கு ஒரு மடக்குப் படி.

பட்டறைக்காரர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். வாய் ஓயாது. "பாய், இன்னா பாய் இது, இதுக்கு ஒரு சமையல்காரி, ஒரு வேலக்காரி வெச்சிட்டா கல்யாண மண்டபமா வுட்டுடலாம்" என்பார். நான் முன்கோபக்காரன். எத்தனையோ நாள் ஸ்பானரை விட்டெறிந்திருக்கிறேன். அவர் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு மறுபடி பேசுவார். அந்த எட்டு மாதத்தில் நான் நிறையப் பேசியது அவரோடுதான்.

வண்டி தயாரானதும் முதலில் மனைவியைச் சும்மா ஒரு சுற்று கூட்டிப்போக நினைத்தேன். விழுப்புரம் போய், செஞ்சி ரோட்டில் திரும்பி, மண்டகப்பட்டுக் குகையைப் பார்த்துவிட்டு, அனந்தபுரம் வழியாகத் திண்டிவனம் வந்து வீடு. ஒரு பகல் போதும். அவள் கறிக்குழம்பு வைத்து, கேப்பை அடை சுட்டு எடுத்துக்கொண்டாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு, அதன்மேல் புர்கா போட்டுக்கொண்டு, ஏதோ சம்பந்தி வீட்டுக்குப் போகிறவள் மாதிரி பையை மடியில் வைத்துக்கொண்டு என் இடதுபக்க சீட்டில் உட்கார்ந்தாள்.

விழுப்புரம் வரை அவள் சொன்னது மூன்று வார்த்தை. "ரோடு நல்லா போட்டுருக்காங்க." அதற்கு நான், "ஆமா, நல்லா போட்டுருக்காங்க" என்றேன். எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. இந்த வாயால்தானே இத்தனை வருஷம் மூச்சுவிடாமல் பேசினேன்? முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தெரிந்த ஒருத்தி பிரசவத்துக்கு இருந்த கதையைப் போனில் முக்கால் மணி நேரம் சொல்லியிருக்கிறாள், வரிக்கு வரி நினைவிருக்கிறது. அதை மறுபடி கேட்டேன். "அது பழைய கதைங்க" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தாள்.

மண்டகப்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரம் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். பக்கத்து நிலத்தில் பெண்கள் மல்லாட்டைச் செடியைப் பிடுங்கிக் கடலையை உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு அம்மா நிமிர்ந்து, "இன்னா பாய், வூட்டையே தூக்கிக்கினு வந்துட்டீங்க, பொண்டாட்டி வூட்டுல சண்டையா?" என்று கத்த, எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவிகூடச் சிரித்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. அவள் உள்வழியாகக் குனிந்து பின் அறைக்குப் போனாள். குழம்பைச் சூடு பண்ணுகிற சத்தம் கேட்டது. தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது. அவள் கையால் அந்த அடுப்பு பற்றுவதற்காகத்தான் நான் எட்டு மாதம் உழைத்திருந்தேன். நான் இறங்கி மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்தேன்.

சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு அவள் அறையின் வாசலைத் திறந்து படியில் காலை வைத்தாள். விழுப்புரத்திலிருந்து வந்த பஸ் ஒன்று ஹாரனை அலறவிட்டுக்கொண்டு அவள் முகத்துக்கு நேராகப் போனது. ஒரு முழம் இடைவெளிகூட இல்லை. சட்டி ரோட்டில் விழுந்து உடைந்தது. "யா அல்லா!" என்று அவள் போட்ட சத்தத்தில் நிலத்திலிருந்த பெண்கள் எல்லோரும் ஓடிவந்தார்கள்.

வாசல் ரோட்டுப் பக்கம் இருந்தது. வண்டியின் வலப்பக்கம்.

ஓமானில் வண்டிகள் ரோட்டின் வலது பக்கம் போகும். ஓரம் கட்டினால் வலப்பக்கம் மண். அங்கே நான் பார்த்த, கைவைத்த இப்படிப்பட்ட வண்டி அத்தனைக்கும் வாசல் வலப்பக்கம். நம் ஊரில் இடதில் ஓரம் கட்டுகிறோம், வலப்பக்கம் லாரியும் பஸ்ஸும். குழந்தைக்குத் தெரியும் இது. தகட்டில் கோடு போட்டு, வெட்டி, கீல் வைத்து, பூட்டு மாட்டி, படி பொருத்தி, ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. அவளை மரத்தடியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு அவள் சொன்னாள், "அந்த ஊரு வாசல வெச்சிக்கினு இந்த ஊர்ல எறங்கச் சொல்றீங்க."

திட்டவில்லை, அழவும் இல்லை, ரோடு நல்லா போட்டுருக்காங்க என்று சொன்ன அதே குரல். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். நிலத்துக்கார அம்மா மடி நிறைய மல்லாட்டை கொண்டுவந்து அவள் கையில் கொட்டிவிட்டு, "போவட்டும் வுடும்மா, சட்டி தான போச்சி" என்றார். குகையைப் பார்க்கவில்லை. வந்த வழியே திரும்பினோம்.

பட்டறைக்காரரைப் பிடித்துக் கத்தினேன். "ஏன்யா, கண்ணு தெரியாதா ஒனக்கு? சொல்லக் கூடாதா?"

"நான் இன்னா பாய் கண்டேன், ஃபாரின் மாடலு, அப்பிடித்தான் இருக்கும் போலன்னு நெனச்சேன். ஒங்க கிட்ட எதனா சொன்னா ஸ்பானர் பறக்குது" என்றார். நியாயம்தான்.

வலப்பக்க வாசலை அடைத்து, இடப்பக்கம் புதிதாக வெட்டினோம். அதற்கு ஒரு மாதம். அப்புறம் பேப்பர் வேலைகள். எல்லாம் முடிந்து வீட்டுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, "வா, பாரு, வாசல மாத்திட்டேன்" என்றேன். வந்து பார்த்தாள். படியில் ஏறி இறங்கினாள். "நல்லா கீதுங்க" என்றாள். அன்று சாயங்காலம் கண்ணாடித் தட்டைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, "நீங்க போய்ட்டு வாங்க. எனக்கு முட்டி வலி. அவ்ளோ தூரம் ஒக்கார முடியாது" என்றாள்.

முட்டி வலியெல்லாம் கிடையாது. வாசலும் காரணம் கிடையாது. அன்றைக்கு அந்த முன் சீட்டில் மூன்று மணி நேரம் நாங்கள் இருவரும் பேச ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தோமே, அது அவளையும் பயமுறுத்திவிட்டது. இரண்டு மாதம் அப்படி உட்கார யாருக்குத் துணிச்சல் வரும்? "சரி" என்றேன். கோபத்தில் "சரி" என்றேன். ஒரு வார்த்தை கெஞ்சியிருக்கலாம்.

கிளம்பும் அன்று காலையில் அவள் இறால் பொடி டப்பாவைக் கொண்டுவந்து வண்டியில் வைத்தாள். மூடியில் இரண்டு சுற்று டேப். அவள் முகத்தில் ஒரு தெளிவு. வழியனுப்புவது அவளுக்கு நன்றாக வரும்.

இரண்டு பேர் படுக்கையில் ஒரு பக்கம் மட்டும் படுத்துக்கொண்டு போனேன். மறுபக்கம் முதலில் துண்டு போட்டேன், அப்புறம் டூல் பெட்டி வந்தது, அப்புறம் வெங்காய மூட்டை. நெல்லூர், விஜயவாடா, ஹைதராபாத், நாக்பூர் என்று வடக்கே வடக்கே. லாரிக்காரர்கள் நிற்கிற இடத்தில் நின்று, அவர்கள் குளிக்கிற தொட்டியில் குளித்து, ரொட்டி தின்றேன். பாகிஸ்தான்காரர்களோடும் மலையாளிகளோடும் பேசிப் பழகிய இந்தி இருந்ததால் எங்கேயும் மாட்டிக்கொள்ளவில்லை. எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள், "தனியாவா?" பஞ்சாபில் ஒரு சர்தார் வண்டியைச் சுற்றிவந்து, உள்ளே தலையை நீட்டி, படுக்கையைப் பார்த்துவிட்டு, அடுத்த கேள்வி கேட்காமல் எனக்கு ஒரு டம்ளர் மோர் வாங்கிக் கொடுத்தார். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கிளம்பின அன்றே, நெல்லூர் தாண்டி, நாலு மணிக்கு என்னை அறியாமல் ஓரம் கட்டினேன். போனை எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சாப்டீங்களா?"

அதே குரல்! என் வீட்டில் ஒன்றேகால் வருஷமாக நான் கேட்காத அந்தக் குரல். "சாப்டேன். நீ?" என்றேன். "எங்க சாப்புடறது, ஒங்க மாமி பொண்ணு வந்துட்டா இல்ல, அவ ஒக்காந்தா எந்திரிப்பாளா..." என்று ஆரம்பித்தாள். நாற்பது நிமிஷம். லாரிகள் வண்டியை உலுக்கிக்கொண்டு போக, நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். இடையில் அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். வைத்தபின், அந்த அமைதி தாங்கவில்லை.

அதிலிருந்து தினமும் நாலு மணிக்கு வண்டி நின்றுவிடும். சந்தை ஆனாலும் சரி, காடானாலும் சரி. நாக்பூர் வெயில், சம்பல் பள்ளம், வழியில் மறித்த மாட்டு மந்தை எல்லாம் சொன்னேன். அவள் ஊர்க்கதை சொன்னாள். ஒருநாள் வீடியோவில் கூப்பிட்டேன், மலை தெரிகிறதே, காட்டலாம் என்று. திரையில் முக்காடு போட்டுக்கொண்டு, போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றாள். "நல்லா கீதுங்க" என்றாள். கட் பண்ணிவிட்டு உடனே அவளே சாதாரணமாக அழைத்தாள். "மூஞ்சி தெரிஞ்சா எனக்குப் பேச்சு வர்லிங்க. தப்பா நெனச்சிக்காதீங்க" என்றாள். அவள் வாயிலிருந்து வந்த பெரிய உண்மை அதுதான். நான் தப்பாக நினைக்கவில்லை. எனக்கும் வரவில்லையே!

மணாலிக்கு மேலே, மலைகளுக்குள் இரண்டு நாள் சிக்னல் இல்லை. தண்ணீர் கரைபுரண்டு ரோட்டின் மேலேயே ஓடியது. சின்ன கார்களெல்லாம் வரிசையாக நிற்க, என் வண்டி நாலு சக்கரத்தையும் ஊன்றி ஏறி வந்தது. ஒருவன் கைதட்டினான். ஆனால் அந்த இரண்டு நாளும் நாலு மணி ஆனால் எனக்குக் காய்ச்சல்காரன் மாதிரி உடம்பு பதறும். மூன்றாவது நாள் ஒரு சின்ன ஊரில் சிக்னல் வந்ததும் அழைத்தேன்.

"இன்னாங்க நீங்க!" என்று எடுத்ததுமே அழுதாள். "ரெண்டு நாளா பேஜாரா பூட்டுதுங்க. சோறு எறங்கல. பள்ளத்துல கிள்ளத்துல வுழுந்துட்டீங்களோ, யாரு கிட்ட போய்க் கேப்பேன் நானு? எரும மாட்டு மேல மழ பெஞ்சா மாதிரி இருக்கீங்களே!" திட்டு திட்டு என்று திட்டினாள். நான் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து ஒவ்வொரு திட்டையும் வாங்கிக்கொண்டேன். உலகத்தில் என்னைத் தேட ஓர் ஆள் இருக்கிறது.

கணவாயில் பனி இருந்தது. வண்டி உயரத்துக்கு வெட்டி வழி விட்டிருந்தார்கள். அன்று மட்டும் நாலு மணிக்குக் காத்திருக்கவில்லை, அழைத்துவிட்டேன். சிக்னல் விட்டு விட்டு வந்தது.

"கையில எடுத்துக்கினு பேசுங்க" என்றாள்.

எடுத்தேன். விரல் மரத்தது. "ஐஸ் பெட்டியில இருக்கறா மாதிரி இல்ல. மாவு மாதிரி இருக்கு. மிதிச்சா சத்தம் வருது" என்றேன்.

"மிதிங்க, கேப்போம்."

போனைக் காலுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நடந்தேன். நாலு அடி முன்னால், நாலு அடி பின்னால். மூச்சு வாங்கியது. "கேக்குது, கேக்குது" என்று தூரத்தில் அவள் குரல் வந்தது. ஒரு குழந்தை மாதிரி சொன்னாள். கூட்டிவந்து காட்டுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்த இடத்தில் நான் தனியாக நின்றுகொண்டு, ஒரு போனைக் கீழே பிடித்துக்கொண்டு நடந்தேன். பக்கத்தில் புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடிகள் ஒருவர்மேல் ஒருவர் பனியை வீசிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு சந்தோஷமாகவும் அவ்வளவு தனியாகவும் நான் என் ஆயுசில் இருந்ததில்லை.

திரும்பும் வழியில்தான் கவனித்தேன். தெற்கே இறங்க இறங்கப் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஆக்ராவில் ஒரு மணி நேரம் பேசினாள். நாக்பூரில் அரை மணி. ஹைதராபாதில், "எப்ப வருவீங்க, இன்னா சமைக்கட்டும்?" என்று கேட்டாள். விஜயவாடாவில் ஐந்து நிமிஷம்கூட இல்லை. "வூடெல்லாம் கழுவி வுட்டுட்டேங்க. ஒங்க தட்டெல்லாம் எடுத்து வெச்சிட்டேன். பாத்து வாங்க" என்றாள். குரலில் முக்காடு வந்துவிட்டது. அந்த வீட்டுக்குள் நான் நுழைவதும், அவள் எழுந்து நிற்பதும், ரோடு நல்லா போட்டுருக்காங்க என்று நாங்கள் பேசிக்கொள்வதும் கண்ணுக்கு முன்னால் வந்தது.

மறுநாள் நாலு மணிக்கு நான் நெல்லூரைத் தாண்டியிருந்தேன். "எங்க இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"விஜயவாடாவுலயேதான். கியர் பெட்டியில ஒரு சாமான் போயிட்டுது. வர்றதுக்கு ரெண்டு மூணு நாள் ஆவுமாம்" என்றேன். பொய். வண்டி குண்டூசி சத்தம்கூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நோன்பு வைக்கிற மனுஷன், இந்த வயதில் பெண்டாட்டியிடம் கூசாமல் புளுகினேன்.

"அடடா" என்றாள். அப்புறம் ஒரு மூச்சு விட்டாள். அப்புறம், "ஏங்க, ஒரு கத கேளுங்களேன், நேத்து நம்ம தெருவுல..." என்று ஆரம்பித்தாள். ஐம்பது நிமிஷம் பேசினாள்.

அதற்கடுத்த நாள் மத்தியானம் திண்டிவனம் வந்து சேர்ந்தேன். பட்டறைக்காரர் ஓடிவந்து வண்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "ஒரு கீறலும் இல்லியே பாய்! இமயமலய பாத்துட்டு வந்துட்டீங்க. வூட்டுக்குப் போவல? அக்கா காத்துக்கினு இருக்கும்" என்றார். போகிறேன் என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஒரு வேப்பமரத்து நிழலில் வண்டியைப் போட்டேன். அங்கிருந்து எங்கள் வீடு ஒரு மணி நேரம். சாவியைத் திருகினால் போதும். திருகவில்லை. நாலு மணிக்குப் போன் செய்தேன்.

"சாப்டீங்களா?"

"சாப்டேன். புளிக்கொழம்பு, ஆந்திரா காரம், நாக்கு வெந்துட்டுது."

அவள் சிரித்தாள். மகளின் மாமியார் வந்து போன கதையை ஆரம்பித்தாள். அந்த அம்மா என்ன கேட்டாள், இவள் என்ன சொன்னாள், பிரியாணியில் உப்பு கூடிப்போனதை எப்படிச் சமாளித்தாள் என்று நடித்தே காட்டினாள். நான் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஸ்டாண்டிலிருந்து வெளியே வந்த பஸ் ஒன்று என் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, பாடி தெறிக்கத் தட்டிக்கொண்டு கத்தினார்: "பாண்டி பாண்டி பாண்டீய்! எடையில நிக்காது, பாண்டி மட்டும் ஏறு! ஜல்தி ஏறும்மா, ஜல்தி!"

போனைக் கையால் பொத்தினேன். அதற்குள் அது அவள் காதில் விழுந்துவிட்டது.

அவள் பேச்சு நின்றுபோயிருந்தது. மாமியார் கதை பாதியில் நின்றது. திண்டிவனத்தில் பாண்டி பஸ் ஏறி எத்தனை தடவை அவள் வீட்டுக்கு வந்திருப்பாள்! மூச்சு மட்டும் கேட்டது. இப்போது கேட்பாள், "எங்க இருக்கீங்க?" என்று. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டால் ஒரு மணி நேரத்தில் நான் வீட்டில் இருக்கவேண்டும். பஸ் கிளம்பிப் போயிற்று.

அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"விஜயவாடாவுல வெய்யிலு எப்பிடிங்க?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் கேட்கிறாள். குரலில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

"அந்தச் சாமானு அவசரப்பட்டு வாங்காதீங்க" என்றாள். "நல்லதா பாத்து, நிதானமா போட்டுக்கினு வாங்க. நாளைக்கும் நாலு மணிக்குப் பேசுவீங்கல்ல?"

"பேசுறேன்" என்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, விஜயவாடாவில் வெயில் எப்படி என்று அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.